தெரபிக்கு வருவதற்கு முன்: மனக்காயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் உளவியலாளர். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு மனக்காயத்தோடுதான் வருகிறார்கள்: விபத்து, வன்முறை, சிறுவயதில் நேர்ந்த கொடுமை, திடீர் இழப்பு. முதல் அமர்வுக்கு நேரம் கேட்கும்போதே பலர் தயங்கித் தயங்கிச் சில கேள்விகளைக் கேட்பார்கள். இன்னும் சிலர் கேட்காமலே அந்தத் தயக்கத்தோடு ஒதுங்கிவிடுவார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, உங்களை உறுத்துகிற கேள்விக்கு நேராகப் போகலாம்.

முதல் நாளே நடந்ததை எல்லாம் சொல்லியாக வேண்டுமா?

வேண்டாம். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலைக் கேட்டதும் எதிர்முனையில் பெருமூச்சு விடுவது ஃபோனிலேயே கேட்கும்.

நடந்ததைச் சொல்வது சிகிச்சையில் ஒரு பகுதி. அதை எப்போது, எவ்வளவு, எந்த வார்த்தையில் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள். அந்தச் சம்பவம் உங்களைக் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. இங்கேயும் உங்களைக் கேட்காமல் நான் தோண்டத் தொடங்கினால், அதே அனுபவத்தை இன்னொரு முறை கொடுத்ததாகிவிடும்.

அறைக்குள் வந்ததும் நான் முதலில் கேட்பது நாற்காலியைப் பற்றி. "கதவு தெரிகிற மாதிரி உட்காருகிறீர்களா? கதவைச் சாத்தட்டுமா, லேசாகத் திறந்து வைக்கட்டுமா?" இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றும். ஆனால் கதவுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தால், அமர்வு முழுக்கக் காதைப் பின்பக்கமே வைத்திருப்பவர்கள் உண்டு. நாற்காலியை இரண்டடி நகர்த்திப் போட்டதும் தோள் இறங்கும். மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பையைத் தரையில் வைப்பார்கள். என்னைப் பொறுத்தவரை அன்றைய வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.

இந்த அணுகுமுறை பழையது. பிரெஞ்சு மருத்துவர் பியர் ஜானே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தச் சிகிச்சையைக் கட்டம் கட்டமாகச் செய்தார். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் அதை மூன்று கட்டங்களாகத் தெளிவாக்கினார்: முதலில் பாதுகாப்பு, அப்புறம் நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அதற்கப்புறம் வாழ்க்கையோடும் மனிதர்களோடும் மறுபடி சேர்வது. நடைமுறையில் இவை ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் வரும். சிலருக்கு முதல் கட்டம் இரண்டே அமர்வில் முடிந்துவிடும். "இன்னும் தயாராகவில்லை" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தவறு. அப்படித் தள்ளிப்போடுவது பெரும்பாலும் தெரபிஸ்டின் பயம், வருகிறவரின் பயம் அல்ல.

ட்ராமா என்று சொல்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே?

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்த வாக்கியத்திலேயே "என்னைவிட எவ்வளவோ கஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள்" என்பார்கள். இருக்கிறார்கள்தான். அதற்காக உங்கள் தூக்கம் திரும்பி வந்துவிடாது.

ஆனால் எல்லா வலியும் ட்ராமா என்றும் நான் சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனக்காயம் உண்டாக்கக்கூடிய சம்பவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பிடிஎஸ்டி (PTSD), அதாவது மனக்காயத்துக்குப் பிறகும் ஆறாமல் நீடிக்கும் மன அழுத்தக் கோளாறு, என்கிற நிலைக்குப் போகிறவர்கள் சுமார் 5.6 சதவீதம். மீதிப் பேரில் மிகப் பலர், கூட இருக்கிறவர்களின் துணையோடு, நாள் போகப் போகத் தேறிவிடுகிறார்கள். மனித மனத்துக்கு இயல்பாகவே ஆறும் குணம் உண்டு. ஏதோ ஒன்று அதைத் தடுக்கும்போதுதான் சிகிச்சை தேவைப்படுகிறது.

பிடிஎஸ்டி என்ற நோய்ப்பெயர் 1980-இல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. நடந்தது இப்போதே திரும்ப நடப்பதுபோல் வருகிறதா? அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் ஒதுக்குகிறீர்களா? ஆபத்து இன்னும் பக்கத்திலேயே இருப்பதுபோல் உடம்பு விழித்தே இருக்கிறதா? இந்த மூன்றும் பல வாரங்கள் நீடித்து, வேலையையும் உறவையும் கெடுத்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. நீண்ட காலம், தப்பிக்க வழியில்லாமல் நடந்த கொடுமைக்கு, குறிப்பாகச் சிறுவயதில் நடந்ததற்கு, அதே பதிப்பு தனிப் பெயரே கொடுத்திருக்கிறது: சிக்கலான பிடிஎஸ்டி. அதில் மேலே சொன்ன மூன்றோடு, உணர்ச்சியைக் கையாள முடியாமை, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற ஆழமான எண்ணம், யாரிடமும் நெருங்க முடியாமை ஆகியவையும் சேரும்.

எத்தனையோ வருஷமாகிவிட்டது. உடம்பு ஏன் இன்னும் பதறுகிறது?

மூளையில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி, ஆபத்தை முகர்ந்து மணியடிப்பது. இது எங்கே, எப்போது நடந்தது என்று நினைவுக்கு முகவரி எழுதுவதில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. உயிர் போகிற பயத்தில் மணி ஓயாமல் அடிக்கிறது, முகவரி சரியாக எழுதப்படுவதில்லை. அதனால் ஒரு வாசனை, பிரேக் சத்தம், யாரோ பின்னாலிருந்து தோளைத் தொடுவது, இவை போதும். தூக்கிவாரிப் போட்டுவிடும். உங்களுக்கு வருஷம் தெரியும், உடம்புக்குத் தெரியாது.

ஃப்ளாஷ்பேக் என்ற சொல்லை நாம் சினிமாவிலிருந்து பழகியிருக்கிறோம். அங்கே ஒருவர் தூரத்தைப் பார்த்தபடி பழைய கதையைச் சொல்வார். ட்ராமாவில் வரும் ஃப்ளாஷ்பேக்கில் கதையே இருக்காது. தொண்டை அடைக்கும், கை சில்லிடும், ஒரே ஒரு காட்சி மின்னும். சிலருக்குக் காட்சிகூட வராது, காரணம் புரியாத அவமானமோ பயமோ மட்டும் வரும். "எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?" என்று கேட்பவர்களுக்கு இதை விளக்கும்போது அவர்கள் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

அமர்வில் உண்மையிலேயே என்ன செய்வோம்?

ஒரு அமர்வு சுமார் 50 நிமிடம். முதல் சில அமர்வுகளில் உங்கள் தூக்கம், உடல்நிலை, வீட்டில் யார் துணை, இப்போது ஆபத்து எதுவும் இருக்கிறதா என்று பார்ப்போம். அடிக்கிறவரோடு இன்னும் ஒரே வீட்டில் இருப்பவரிடம் "மூச்சை இழுத்து விடுங்கள்" என்று சொல்லி அனுப்புவது சிகிச்சை ஆகாது. அங்கே முதல் வேலை, பத்திரமாக இருக்க வழி பார்ப்பது.

அடுத்து, அலை எழும்போது கரைக்குத் திரும்பப் பழகுவோம். கால் தரையில் அழுந்துவதைக் கவனிப்பது, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களைப் பேர் சொல்லி எண்ணுவது, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குவது. கண்ணை மூடச் சொல்லி நான் வற்புறுத்துவதில்லை. பலருக்குக் கண்ணை மூடினால்தான் பயம் கூடும். கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று ஒரு அடையாளமும் பேசிவைத்துக்கொள்வோம். அதை ஒருமுறையாவது சும்மா பயன்படுத்திப் பார்க்கச் சொல்வேன். சொன்னால் நான் நிஜமாகவே நிறுத்துகிறேனா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பிறகுதான் நினைவைத் தொடும் வேலை. உளவியலாளர் ஈட்னா ஃபோவா உருவாக்கிய முறையில், ஒதுக்கிவைத்த நினைவையும் இடங்களையும் படிப்படியாக நெருங்குவோம். இன்னொரு உளவியலாளர் பட்ரீஷியா ரெசிக் உருவாக்கிய முறையில், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மனம் எழுதிக்கொண்ட தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். என் கை அதிகம் போவது இந்த இரண்டாவது பக்கம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பலரிடம் பார்த்ததை ஒரே ஆளாகச் சேர்த்துச் சொல்வது இது. கார் ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார், பக்கத்தில் இருந்த தம்பி போய்விட்டான். "நான் பத்து நிமிஷம் முன்னாலேயே கிளம்பியிருந்தால்" என்பதையே மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தாளில் ஒரு வட்டம் போட்டு, "விபத்துக்கான பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள்" என்கிறேன். யோசிக்காமல் "நான், 90" என்று எழுதுகிறார். சரி, அதை அப்படியே வைத்துவிட்டு இன்னொரு வட்டம் போடுகிறோம். இந்த முறை உங்கள் பங்கைக் கடைசியில் எழுதுங்கள், முதலில் மற்றதெல்லாம். எதிர்ப்பக்கம் ஏறி வந்த லாரி. மழை. எரியாத தெருவிளக்கு. பலகை இல்லாத வளைவு. ஒவ்வொன்றுக்கும் அவரே அளவு போடுகிறார், நான் ஒரு எண்ணும் சொல்வதில்லை. கடைசியில் அவருக்கென்று மிஞ்சியது ஒரு கீற்று. பேனாவை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "இவ்வளவுதானா?" என்கிறார். அப்புறம்தான் அழுகிறார். அது குற்ற உணர்ச்சியின் அழுகை இல்லை. தம்பிக்காக அழ வேண்டிய அழுகை, மூன்று வருஷமாக அந்தப் பழியின் கீழ் மாட்டிக்கொண்டிருந்தது.

இஎம்டிஆர் என்கிறார்களே, கண்ணை அசைத்தால் சரியாகிவிடுமா?

நினைவை மனதில் நிறுத்திக்கொண்டே, தெரபிஸ்டின் விரலையோ ஒரு வெளிச்சத்தையோ கண்ணால் இடமும் வலமும் தொடர்வது இந்த முறையின் வெளித்தோற்றம். அமெரிக்க உளவியலாளர் ஃப்ரான்சின் ஷாப்பிரோ கண் அசைவின் விளைவை 1987-இல் கவனித்து, 1989-இல் முதல் ஆய்வை வெளியிட்டார். 2013-இல் உலக சுகாதார நிறுவனம், ட்ராமாவை மையமாகக் கொண்ட அறிவுசார் நடத்தைச் சிகிச்சையோடு (எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழகும் சிகிச்சை) சேர்த்து இதையும் பரிந்துரைத்தது. பலன் தருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கண் அசைவு இல்லாவிட்டாலும் அதே பலன் வருமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது என்பது ஒரு விளக்கம். ஒன்று நிச்சயம்: கண் அசைவு மட்டும் சிகிச்சை அல்ல. அதற்கு முன் தயார்செய்வதும் பின் நிதானப்படுத்துவதும் சேர்ந்ததுதான் சிகிச்சை. இணையத்தில் வீடியோ பார்த்துத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள்.

எனக்கு மறந்தால் போதும். மறக்க வைக்க முடியுமா?

முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் மொழியில் ஆறுதல் என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். கொதித்தது ஆறும், புண் ஆறும், மனசும் ஆறும். மூன்றுக்கும் ஒரே வினை. கொதித்த நீர் ஆறிய பிறகும் அங்கேயேதான் இருக்கிறது, கையை வைக்க முடிகிறது, அவ்வளவுதான். நினைவும் அப்படித்தான். சிகிச்சைக்குப் பிறகும் நினைவு இருக்கும். "அது நடந்தது, முடிந்தது, நான் இப்போது இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல முடிகிற நினைவாக இருக்கும்.

இதற்கு நேர் எதிராக, மறந்துபோனதைத் தோண்டி எடுக்கச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அதையும் நான் செய்வதில்லை. நடக்காத ஒன்றைக்கூட நடந்ததாக மனிதர்களை நம்ப வைக்க முடியும் என்பதை உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் ஆய்வுகள் 1990-களில் காட்டின. ஹிப்னாடிஸத்தில் எழும் நினைவு உண்மையாகவும் இருக்கலாம், கற்பனையாகவும் இருக்கலாம். இன்று உங்களுக்கு என்ன நினைவிருக்கிறதோ அதை வைத்தே வேலை செய்ய முடியும்.

ராத்திரி கெட்ட கனவுகள் வருகின்றன. அதற்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பலருக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப வரும் கனவைப் பகலில் எழுதி, அதன் போக்கை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி, அந்தப் புதுக் கனவை விழித்திருக்கும்போதே தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. முடிவை நான் சொல்லித்தரமாட்டேன், நீங்கள்தான் எழுத வேண்டும். மிகக் கொடூரமான கனவில் தொடங்காமல், சற்றுக் குறைந்ததில் தொடங்குங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

ஒரே சம்பவம் என்றால், ரெசிக்கின் முறை வழக்கமாக 12 அமர்வு, ஃபோவாவின் முறை 8 முதல் 15 வரை. சிறுவயதிலிருந்து வருஷக்கணக்கில் நடந்தது என்றால் நாள் கூடும், ஒரு வருஷத்தைத் தாண்டலாம். எத்தனை அமர்வு ஆனாலும், சில வாரங்களுக்கு ஒருமுறை "முன்னேற்றம் இருக்கிறதா?" என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். இல்லையென்றால் வழியை மாற்ற வேண்டியது என் பொறுப்பு.

மாத்திரை தருவீர்களா?

நான் மருத்துவர் இல்லை. மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. பிடிஎஸ்டிக்கு செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்ற மருந்துகள் சிலருக்கு நன்றாக உதவுகின்றன, தெரபியோடு சேர்த்தும் எடுக்கலாம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகளைப் பிடிஎஸ்டிக்கு வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை, பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே எதை எடுத்துக்கொண்டிருந்தாலும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்.

ஆரம்பித்த பிறகு முன்பைவிட மோசமாக இருக்கிறதே?

நினைவைத் தொடத் தொடங்கிய முதல் சில வாரங்களில் இது பலருக்கு நேர்கிறது. கனவு கூடும், எரிச்சல் வரும், அழுகை சட்டென்று வரும். இரண்டொரு நாளில் அடங்கி, வாரா வாரம் கொஞ்சம் தணிந்தால் பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, குடி கூடிவிட்டது, உடம்பை வருத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்றால் வேகம் உங்களுக்கு அதிகம். அடுத்த அமர்வு வரை பொறுக்காமல் சொல்லுங்கள். "நல்ல பிள்ளை"யாகத் தாங்கிக்கொள்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அமர்வுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். உடனே அவசர மருத்துவ உதவியையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ கூப்பிடுங்கள், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

உங்களை எனக்குப் பிடிக்காவிட்டால்?

சொல்லிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் சொன்னது இன்றும் நிற்கிறது: தெரபி உறவு என்பது இலக்கில் ஒத்துப்போவது, செய்யும் வேலையில் ஒத்துப்போவது, இருவருக்கும் இடையிலான பிணைப்பு. எந்த முறையாக இருந்தாலும் இந்த உறவின் வலுவுக்கும் பலனுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் பொருத்தமான வேறொருவரைக் கண்டுபிடிக்க நானே உதவுவேன்.

சொல்வதெல்லாம் ரகசியமாக இருக்குமா?

இருக்கும். உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து, ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது, சட்டம் கேட்கிறது, இவை விதிவிலக்கு. அப்போதும் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.

மன்னித்தால்தான் குணமாகும் என்கிறார்களே?

இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரை எவ்வளவு நோகடித்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனசு கொதிக்கிறது. மன்னிப்பு உங்களுடையது. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். மன்னிக்காமலே நிம்மதியாகத் தூங்கி எழுந்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவசரமாக மன்னித்துவிட்டு, உள்ளே கோபம் உடம்பு வலியாக மாறி வந்து நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். கோபத்துக்கு முதலில் நியாயமான இடம் வேண்டும்.

துன்பம் நம்மை வளர்க்கும் என்பது உண்மையா?

ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள் 1990-களில் இதை ஆராய்ந்து, மனக்காயத்துக்குப் பிந்தைய வளர்ச்சி என்று பெயரிட்டார்கள். உறவுகளில் நெருக்கம், புது வழிகள், தன் வலிமையை உணர்வது, வாழ்க்கையின் அருமை, ஆன்மிக மாற்றம் என்று ஐந்து பக்கங்களில் அதை அளந்தார்கள். இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. வளர்ச்சி வருவது சம்பவத்தால் அல்ல, அதற்குப் பிறகு அந்த மனிதர் போராடுவதால் என்பதே அவர்கள் சொன்னது. வலியும் வளர்ச்சியும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

ஆகவே "உனக்கு நடந்தது நல்லதுக்குத்தான்" என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டாம். வளர வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. முன்பு எப்படி இருந்தீர்களோ அப்படியே திரும்பினாலும் அது பெரிய விஷயம். என்னிடம் வருகிறவர்களின் வளர்ச்சி பெரும்பாலும் சின்னச் சின்னதாகத்தான் தெரியும். "முடியாது" என்று சொல்லிவிட்டு அதற்காக மன்னிப்புக் கேட்காமல் இருப்பது. வலிக்கிறது என்று வலிக்கும்போதே சொல்வது.

என் வீட்டில் ஒருவருக்கு இப்படி நடந்திருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

பேசச் சொல்லி நெருக்காதீர்கள். சம்பவம் நடந்த உடனே எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் கொட்டச் சொல்லும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பிற்பாடு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பிடிஎஸ்டியைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று பாருங்கள், கூட இருங்கள், பேச வந்தால் கேளுங்கள். "ஏன் அப்போதே கத்தவில்லை, ஏன் ஓடவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். பயத்தில் உடம்பு உறைந்துபோவது அனிச்சையாக நடப்பது, அவர் எடுத்த முடிவு அல்ல.

முடிந்தது என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் உங்களுக்கே தெரியும். பேச்சு நடந்ததைவிட்டு வேலை, உறவு, அடுத்த மாதப் பயணம் என்று நகரும். ஒரு நாள் அவசரமாக உள்ளே வந்து, கதவுக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடுவார்கள். அதைக் கவனித்தது நான்தான், அவர்கள் இல்லை. அன்று நான் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை. அடுத்த வாரம், இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்தித்தால் போதுமா என்று கேட்பேன்.